ஊர்ச் சுவரில் நாட்டு வரலாறு படித்தவர்

 

கும்பகோணத்து மேடையில் வரலாற்றறிஞர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னால், நாவில் முதலில் வரவேண்டிய பெயர் தி. வை. சதாசிவப் பண்டாரத்தார். 1892 ஆகஸ்ட் 15ஆம் நாள், நமக்குப் பக்கத்திலுள்ள திருப்புறம்பயத்தில் பிறந்தவர்.

அந்தத் திருப்புறம்பயம் எப்படிப்பட்ட மண்? ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் வரகுணன் ஒரு பக்கம் நின்றான். பல்லவன் அபராசிதனும், கங்கன் பிருதிவீபதியும், சோழன் ஆதித்தனும் மறுபக்கம் நின்றார்கள். கங்கன் களத்திலே வீழ்ந்தான். பாண்டியன் தோற்றான். வெற்றி பல்லவனுக்கு என்றாலும், விளைச்சலை அறுத்தவன் சோழன். தஞ்சையில் ஒரு சிறு நிலப்பரப்பை ஆண்ட குடி, கடல் கடந்து படை அனுப்பும் பேரரசாக வளர வழி திறந்தது அந்தப் போர்தான். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் திருப்புறம்பயம் பள்ளிப்படையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மண்ணில் ஓடியாடி வளர்ந்த பிள்ளைதான், பின்னாளில் சோழர் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார்!

எழுதத் தொடங்கியபோது அவர் என்ன வேலையில் இருந்தார்? பள்ளிக்கூடத் தமிழாசிரியர்! இதே ஊரில், பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில், 1917 முதல் 25 ஆண்டுகள் பாடம் நடத்தினார். முதற் குலோத்துங்கனைப் பற்றிய அவருடைய நூல் 1930இல் வந்தது. பாண்டியர் வரலாறு 1940இல் வந்தது. இரண்டும் அவர் பள்ளி ஆசிரியராக இருந்தபோது எழுதியவை. ஆராய்ச்சிக்கென்று தனி நேரமோ தனிச் சம்பளமோ இல்லாத வாழ்க்கை அது. 'செந்தமிழ்', 'தமிழ்ப் பொழில்' போன்ற இதழ்களில் வந்த அவருடைய கட்டுரைகள்தான் அவரைத் தமிழறிஞர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ் ஆராய்ச்சித் துறைக்கு அழைத்துக்கொண்டது.

அங்கேதான் அவருடைய பெரும்பணி நிறைவேறியது. பிற்காலச் சோழர் சரித்திரம் முதல் பகுதி 1949இல் வந்தது. இரண்டாம் பகுதி 1951இல் வந்தது. விசயாலயன் தொடங்கி, 1279இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழராட்சி முடியும் வரை அரசர் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு பகுதிகளில் எழுதி முடித்தார். ஆட்சிமுறையையும் மக்கள் வாழ்வையும் சொல்லும் மூன்றாம் பகுதி, 1960 சனவரி 2ஆம் நாள் அவர் மறைந்த பிறகு அச்சேறியது.

நண்பர்களே, இந்த வேலையின் அருமை தெரியவேண்டுமானால், ஒரு சோழர் கல்வெட்டின் முன்னால் போய் நில்லுங்கள். 'கோப்பரகேசரிவன்மர்க்கு யாண்டு' என்று ஓர் எண் இருக்கும். எந்தப் பரகேசரி? சோழர் ஒருவர்விட்டு ஒருவர் இராசகேசரி, பரகேசரி என்று பட்டம் சூடிக்கொண்டார்கள். விசயாலயனும் பரகேசரி, முதற் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி! அரசனின் புகழுரையான மெய்க்கீர்த்தி இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் எழுத்தின் வடிவம், அதிகாரியின் பெயர், நாள்மீன் குறிப்பு என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்துத்தான் அரசனை அடையாளம் காணவேண்டும். இலக்கியப் புலமை கொண்ட பண்டாரத்தார் உலாவையும் பரணியையும் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

அவருடைய நேர்மைக்கு ஒரு சான்று சொல்கிறேன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரையும், அவர்களுடைய உறவினரின் நிலங்களையும் பற்றிப் பேசுவது அது. 'கொலைக்கும் இராசராசன் ஆட்சிக்கும் இடையில் ஆண்ட உத்தம சோழன் கொலைகாரரைத் தண்டிக்கவில்லை. ஆகவே அவனுக்கும் சதியில் பங்குண்டு' என்பது பேராசிரியர் நீலகண்ட சாத்திரியாரின் கருத்து. பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நிலம் எப்போது கைமாறியது என்று கல் சொல்வதை வைத்து, அதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை என்று முடிவு கட்டலாமா? கல் சொன்னதை அவர் விடவில்லை. கல் சொல்லாததைச் சேர்க்கவுமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவன்மேல் பழி சொல்வதற்குக்கூடச் சான்று வேண்டும் என்பதுதான் வரலாற்று அறம்!

சாத்திரியாரின் சோழர் வரலாறு 1935லேயே ஆங்கிலத்தில் வரத் தொடங்கிவிட்டது. அது மாபெரும் நூல். ஆனால் தன் ஊர்க் கோயிலில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் யார் கொடை கொடுத்தார்கள் என்று அறிய விரும்பும் ஒரு விவசாயிக்கு, அவனுடைய மொழியிலேயே வரலாறு வேண்டாமா? அந்தக் கடனைத் தீர்த்தவர் பண்டாரத்தார்.

இப்போது நம் கடனுக்கு வருகிறேன். திருப்பணி என்ற பெயரில் மணலை வீசியடித்து எழுத்து தேய்ந்த சுவர்கள் எத்தனை! சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் அடியில் புதைந்துபோன யாண்டுகள் எத்தனை! ஒரு கல்வெட்டு அழிந்தால், அதைத் திரும்பப் பொறிக்க எந்த அரசனும் வரமாட்டான்.

ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன். உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கினால், சாரம் கட்டும் முன் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களைக் கோயில் சுவரருகே கூட்டிப்போய் நான்கு வரி படித்துக் காட்டுங்கள். ஒரு பள்ளி ஆசிரியர் இந்த ஊரிலிருந்து செய்து காட்டியதை நம்மால் தொடரமுடியும், தொடரத்தான் வேண்டும்.