கால் கிலோ சாம்பல்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் ஒரு குழு, சாம்பல் கல் தொழிலுக்குக் கடன் கேட்டுத் தீர்மானம் கொண்டு வந்தது. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, "அந்தச் சாம்பல் நெஞ்சுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் அதைப் பேசிவிடுவோம்.

சாம்பல் எங்கிருந்து வருது? நம்ம தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓட ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொன்றாக 5 அலகுகள், அலகுக்கு 210 மெகாவாட். நிலக்கரி இந்தப் பக்கம் கிடையாது. ஒடிசாவில் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் வருகிறது. அதை மாவாக அரைத்துக் கொதிகலனில் ஊதி எரிக்கிறார்கள். இட்லிப் பானை மூடியை நீராவி தூக்குதில்லையா, அதே நீராவிதான் அங்கே டர்பைனைச் சுற்றுகிறது. எரிகிற சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்ட் ஆகுது. மீதி புகைபோக்கியிலும் குளிர்விக்கிற கடல் தண்ணீரிலும் போய்விடுகிறது.

1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதற்கு நம் நாட்டு நிலக்கரி சுமார் 700 கிராம் வேணும். அதில் கால் கிலோ போலச் சாம்பல். 2016-ல் ஆரம்பித்த 100 யூனிட் இலவசம் முழுக்க நிலக்கரியில் வந்ததென்று வைத்தால், 2 மாதத்துக்கு வீட்டுக்கு 25 கிலோ சாம்பல்! காற்றாலையும் சோலாரும் எவ்வளவோ வந்தாச்சு. ஆனாலும் நாட்டில் 10 யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 யூனிட் நிலக்கரிதான்.

இந்தச் சாம்பலைக் கல்லாக்குவது நல்ல விஷயமே. சூளை வேண்டாம், வயல் மண்ணை வெட்ட வேண்டாம். ஆனால் அந்த அக்கா சொன்னதும் சரி. காய்ந்த சாம்பல் ரொம்ப நைசு. அதில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் கெடும். சேலைத் தலைப்பைக் கட்டிக்கிட்டா போதும் என்பார்கள். போதாது. கொரோனாவில் போட்டோமே என்-95 மாஸ்க், அது வேணும். சாம்பல் ஈரமாகவே வந்து இறங்கணும், ஈரமாகவே கலக்கணும்.

இன்னொன்று தண்ணீர். கல்லை அச்சில் எடுத்த பிறகு 2, 3 வாரம் நனைக்கணும். நான் முன்பு வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு குழு மெஷின் வாங்கியது. சித்திரையில் கிணறு வற்றியது. நனைக்காத கல் உதிர்ந்து, யாரும் வாங்கவில்லை. 12 பெண்கள் கூலி வேலைக்குப் போய் வட்டி கட்டினார்கள். அந்தத் திட்ட அறிக்கையை எழுதியது நான்தான். 'தண்ணீர் வசதி' என்ற இடத்தில் 'உள்ளது' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தேன். கிணற்றை நான் போய்ப் பார்க்கவே இல்லை.

அதனால் இந்தத் தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளி வைக்கக் கேட்கிறேன். கோபப்படாதீங்க. சாம்பல் என்ன விலைக்கு, எத்தனை லோடு, லாரி வாடகை யார் தலையில் என்று எழுத்தில் வாங்குவோம். வர்ற வியாழக்கிழமை கிணற்றைப் பார்க்கப் போகிறேன். ஊக்குநர் அக்காவும், கேள்வி கேட்ட அக்காவும் கூட வரணும். பஸ் காலை 7 மணிக்கு.