பதினைந்து வயதில் இருந்த எனக்கு

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில், தாய்மார்கள், மாணவிகள் முன்னிலையில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பெரம்பலூர், அரியலூர் ஊர்களிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நீண்ட நேரம் பேசமாட்டேன். போன வாரம் உதவித்தொகை வாங்க வந்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "மாமி, எங்க வயசுல இருந்த உங்களை இப்ப பார்த்தா என்ன சொல்லுவீங்க?" அதற்குப் பதிலாகத்தான் இன்று பேசுகிறேன்.

எனக்குப் பதினைந்து வயதானபோது பெரம்பலூர் தனி மாவட்டம் இல்லை; நாமெல்லாம் திருச்சி மாவட்டம். எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். அத்தோடு படிப்பை நிறுத்தினார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். அம்மாமீது கோபித்துக்கொண்டு பல நாள் சோறு உண்ணாமல் படுத்திருக்கிறேன். எனக்கு மதரஸாவில் ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ஒருநாள் வீட்டுக்கு வந்து அத்தாவிடம் பேசினார். "ஓதின பிள்ளை, கெட்டுப்போகாது, அனுப்புங்க" என்றார். அடுத்த ஆண்டு என்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பிளஸ் ஒன் படித்தேன். பிறகு திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரி.

அந்தப் பெண்ணிடம் நான் முதலில் சொல்வது இது: வெட்கப்பட்டுக் கேட்காமல் இருக்காதே. பெரிய பிள்ளையானபோது எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஏதோ நோய் என்று பயந்தேன். மதீனாவின் அன்சாரிப் பெண்கள் மார்க்கம் அறிய வெட்கப்படவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். உடம்பைப் பற்றிக் கேட்பதும் அறிவுதான். பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிற பிள்ளைகள் இங்கேயும் இருப்பீர்கள். எறியாதீர்கள்.

இரண்டாவது: உன் காகிதங்களை நீயே வைத்துக்கொள். நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பாதிச் சிக்கல் பெயரில்தான். கணவர் வெளிநாட்டில் வஃபாத்தாகிவிடுவார். மனைவியின் பெயர் ஆதாரில் ஒருவிதம், ரேஷன் கார்டில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் ஒருவிதம். இத்தா இருக்க வேண்டிய பெண் அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். பள்ளிச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். ரகசிய எண் உங்களுக்கு மட்டும் தெரியட்டும்.

மூன்றாவது: மஹர் உன் ஹக். அதை அத்தாவும் எடுக்க முடியாது, மாப்பிள்ளையும் எடுக்க முடியாது; நீ மனம் விரும்பிக் கொடுத்தால்தான் உண்டு. நிக்காஹுக்குச் சம்மதம் கேட்டு வரும்போது அது வெறும் சடங்கு என்று நினைக்காதே. ஏற்கெனவே மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களைத் தந்தை விருப்பமில்லாமல் மணமுடித்துக் கொடுத்தபோது, அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அந்த நிக்காஹ் செல்லாது என்று நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். நாட்டுச் சட்டமும் பதினெட்டு வயது நிறைய வேண்டும் என்கிறது. அதற்கு முன் திருமணம் பேசினால் 1098 என்ற எண் இருக்கிறது. ஆனால் அதுவரை போகவிடாமல் தடுக்க வேண்டியது ஜமாஅத்தும் நாமும்தான்.

நான்காவது: உனக்கு முன்னால் நடந்தவர்களைத் தேடிப் பார். 1989 அக்டோபரில், கல்லூரி வாசகசாலையில் ஒரு செய்தி படித்தேன். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக ஃபாத்திமா பீவி பொறுப்பேற்றார். பத்தனம்திட்டாவில் 1927-இல் பிறந்தவர். சட்டம் படிக்கச் சொன்னவர் அவருடைய தந்தை மீரா சாகிப். பிறகு 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். அன்று அந்தப் பத்திரிகையை விடுதி அறைக்கு எடுத்துப்போய் மறுபடியும் படித்தேன். ஒரு தகப்பன் 'சரி' என்று சொன்னதால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

படிக்க முடியாமல் போன தாய்மார்கள் மனம் சோர வேண்டாம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். 1938-இல் அவர் எழுதிய 'காதலா கடமையா' நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை எழுதினார்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது. என் மகள் பிளஸ் டூ முடித்த சமயம் துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒன்று வந்தது. நல்ல குடும்பம். நான்தான் முதலில் சரி சொன்னேன். "படிப்பு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று, என் அம்மா சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். மகள் அழவில்லை. "அம்மா, ஒரு வருஷம் சும்மா இருந்ததை எங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றிரவு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினோம். அவள் படித்தாள், அல்ஹம்துலில்லாஹ்.

அன்றுதான் என் அம்மாவும் எனக்குப் புரிந்தார்கள். அவர்கள் என்மேல் பிரியமில்லாமல் நிறுத்தவில்லை; பயந்துதான் நிறுத்தினார்கள். அதே பயம் எனக்கும் வந்தது. ஆகவே பதினைந்து வயது எனக்குச் சொல்வேன்: படிப்பை விடாதே, அம்மாவையும் வெறுக்காதே. சோற்றை உண்டுவிட்டு வந்து பேசு.

தாய்மார்களே, செலவுதான் தடை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பிக்கத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் பதினைந்து வயதில் நடந்ததை மகளிடம் சொல்லுங்கள். ஒருநாள் அவள் அதை உங்களுக்கே நினைவுபடுத்த வேண்டி வரலாம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நல்ல வாழ்வையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.