வீட்டை விட்டு நாம ஏன் போகணும்?

காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்திருக்கும் சகோதரிகளே!

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சட்டம்னு சொன்னாலே நம்ம பெண்கள், "அவரை ஜெயில்ல போட வேண்டாம்க்கா, அடி நின்னா போதும்" என்கிறார்கள். இந்தச் சட்டம் முதலில் அதைத்தான் செய்கிறது. அடிக்காதே, மிரட்டாதே, துரத்தாதே என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

எனக்குப் பெரிசாகப் படுவது 17-ஆம் பிரிவு. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் வாழ்ந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீட்டிலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் ஏற்காட்டில் எங்கே போவது? கீழே சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, பனி, காட்டெருமை வேற. எஸ்டேட் லயனில் இருப்பவளுக்கு வீடும் வேலையும் ஒண்ணோடொண்ணு கட்டினது.

கூலியைப் பிடுங்குவதும், தோட்டைக் கழற்றி அடகு வைப்பதும்கூட வன்முறைதான். பொருளாதார வன்முறை என்று சட்டமே சொல்கிறது. எங்கள் குழுவில் ஒரு தங்கை மூணு மாசம் தவணை கட்டலை. பாக்கின்னு எழுதுறதுக்கு முன்னால, "கடன் பணத்தை யாரு எடுத்தது?" என்று கேட்டோம். அதுக்கப்புறம்தான் அழுதாள். புகார் கொடுக்க அவளுக்குப் பயம். 4-ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. அந்த அலுவலர் இருப்பது சேலம் மாவட்ட சமூகநல அலுவலகத்தில். குழுவில் இரண்டு பேர் போய்ச் சொன்னோம்.

முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்கணும்னு சட்டத்தில் இருக்கு. அவள் வழக்கு அதைத் தாண்டி இழுத்தது. சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் இலவசம், பஸ் இலவசமில்லையே! ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியும் போச்சு. இடைக்கால உத்தரவு கிடைத்ததால்தான் தாக்குப்பிடித்தாள். இப்போது அதே வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறாள், தவணையும் கட்டுகிறாள்.

181-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், அது இருக்கட்டும். வாய்தாவுக்குப் போகிறவளின் பஸ் காசையும், துணைக்குப் போகிறவளின் ஒரு நாள் கூலியையும் கூட்டமைப்புப் பொது நிதியிலிருந்து கொடுக்கணும். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தீர்மானமாக எழுதிக் கொண்டு வருகிறேன். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.