அசையும் காதும் ஆடும் துதிக்கையும்

களியக்காவிளையைக் கடந்து வடக்கே செல்லும் பெருவழியில் முதலில் பாறசாலையும் அடுத்து நெய்யாற்றின்கரையும் வருகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்திற்கும் நெய்யாற்றின்கரை கேரளத்திற்கும் சென்றன. திருவிழாக்களை மட்டும் எவரும் பங்கிட்டுக்கொள்ளவில்லை. இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் திருமேனிகள் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித் திருவனந்தபுரம் சேர்கின்றன. சரஸ்வதி தேவி யானைமீது வருகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியோ விஜயதசமியன்று வெள்ளிக்குதிரைமீது பூஜப்புரைக்கு எழுந்தருளுகிறார். உயிருள்ள யானை ஒன்று. உலோகத்தாலான குதிரை ஒன்று. இரண்டையும் கண்டு கைகூப்புகிறவர்கள் நாம். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, இவ்வட்டாரத்தில் அண்மையில் நேர்ந்த ஒரு புதுமையைக் காண்போம்.

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் பௌர்ணமிக்காவு என்னும் தேவி கோயில் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் அங்கே ஒரு யானை வந்து சேர்ந்தது. பெயர் பாலதாசன். உயரம் மூன்று மீட்டர். எடை 800 கிலோகிராம். அதற்குத் தழை வேண்டாம், மின்சாரம் வேண்டும். எஃகுச் சட்டம், கம்பிவலை, நுரைப்பஞ்சு, இரப்பர்த் தோல், உள்ளே ஐந்து மோட்டார்கள். தலையை ஆட்டும், காதை அசைக்கும், கண்ணை உருட்டும், துதிக்கையை உயர்த்தி நீரையும் பீச்சும். அடியில் சக்கரங்கள் உள்ளமையால் வீதியில் தள்ளிச் செல்லலாம். முதுகில் ஆள் அமரலாம். இதனை அளித்தவர்கள் நடிகை அதா சர்மாவும் பீட்டா என்னும் அமைப்பும் ஆவர். ஜல்லிக்கட்டு வழக்கை நினைந்து அவ்வமைப்பின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நேயர்கள் உண்டு. கொடுத்தவரை விடுத்து, கொடுத்த பொருளை நோக்குவோம்.

இத்தகைய உருவங்களை அசைப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. மோட்டார் ஒரே திசையில் சுழல்கிறது. சக்கரத்தின் மையத்தினின்றும் விலகிப் பொருத்திய ஆணியும் அதனோடு பிணைத்த தண்டும் அச்சுழற்சியை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றுகின்றன. கால்மிதியால் சக்கரத்தைச் சுழற்றும் தையல் இயந்திரத்தை மறுதலையாக எண்ணிப் பார்த்தால் விளங்கும். அருமை வேகத்தில்தான் இருக்கிறது. ஒரே சீராக ஆடும் காது விசிறியாகிவிடும். சற்று நின்று, பிறகு சோம்பலாக அசையும் காதே யானையின் காது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் நடையிருத்திய இயந்திர யானையைச் செய்த கலைஞர்கள், அதற்கு முன் துபாய் வணிகத் திருவிழாவில் இத்தகைய யானைகளைக் காட்சிக்கு வைத்தவர்களே. வேடிக்கைக்குப் பிறந்த பொம்மை கோயிற்பணிக்கு வந்துவிட்டது!

பொம்மையைத் தெய்வ காரியத்திற்குக் கொண்டுவருவதா என்று முணுமுணுப்போர் உளர். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலருகே உள்ள மேத்தன் மணியை அவர்கள் அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அக்கடிகாரத்தில் தாடிக்காரன் முகம் ஒன்று. மணி அடிக்கும்தோறும் அது வாயைத் திறக்க, இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து கன்னத்தில் முட்டுமாறு அமைத்திருக்கின்றனர். குளத்தூக்காரன் என்னும் உள்ளூர்க் கைவினைஞர் செய்தது என்பர். பன்னிரண்டு மணியென்றால் பாவம், பன்னிரண்டு முட்டு! ஓச்சிறையில் திருவோணத்திற்குப் பின் இருபத்தெட்டாம் நாள் விழாவுக்கு ஒவ்வொரு கரையினரும் வைக்கோலும் துணியும் கொண்டு மாளிகையளவு காளைகளைக் கட்டி இழுத்து வருகின்றனர். அங்கே பக்தி குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

இனி, உயிருள்ள யானையின் நிலையைப் பார்ப்போம். காட்டில் கூட்டமாக வாழும் விலங்கு அது. கோடை வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலையில், காலில் சங்கிலியுடன், வெடியும் செண்டையும் முழங்க அதனை நிறுத்துகிறோம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் கொயிலாண்டியை அடுத்த மணக்குளங்கரைக் கோயிலில் இரண்டு யானைகள் மிரண்டபோது மூவர் உயிர் நீத்தனர். யானைக்கும் யானைக்கும் இடையே மூன்று மீட்டர் இடைவெளி வேண்டுமெனக் கேரள உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் விதித்தது. நடைமுறைக்கு ஒவ்வாதெனக் கூறி உச்சநீதிமன்றம் அடுத்த மாதமே அதனை நிறுத்தி வைத்தது. சட்டம் தடுமாறும் இடத்தில் ஒரு சிறு காவு தானே வழி கண்டது என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பாகர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. யானைகள் யாவும் நாளையே மறைந்துவிடப் போவதில்லை. விழாக்களிலிருந்து விடுபடும் யானைக்கும் உணவும் குளிப்பும் மருந்தும் வேண்டும்; அதன் குணமறிந்த மனிதனும் வேண்டும். அச்செலவைக் கோயில்களும் அரசும் ஏற்றாலன்றி இயந்திர யானை பாதி வேலையைத்தான் செய்ததாகும்.

மற்றொன்று பழுது பார்க்கும் வேலை. இடவப்பாதி மழையில் மோட்டாரில் ஈரம் ஏறினால், தொலைவூர்ப் பட்டறைக்கு லாரியில் ஏற்றிச் செல்வதா? பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் தச்சரும் கொல்லரும் மின்வினைஞரும் இல்லாமற் போகவில்லை. இவர்கள் கூடிக் கற்றுக்கொண்டால், அடுத்து வருவது யானையாகவே இருக்க வேண்டுமென்பதும் இல்லை. தோகை விரித்து மடக்கும் மயில் ஒன்றைக் குமாரசுவாமிக்குச் செய்து காட்டலாம். மயிலுக்கு ஐந்து மோட்டார்கூட வேண்டியிராது.