தோளில் அம்பு, தொண்டு எங்கே?



தகுதி உடையார்க்கே பெருமை உரியது என்பது முன்னோர் கண்ட முறை. பெருமையை முன்னதாகவே கொடுத்துவிட்டால் தகுதி பின்னே தானாக வந்து சேரும் என்று எண்ணுவார் இன்று எங்கும் பெருகி வருகின்றனர். அந்த எண்ணம் ஓர் அமைப்பை எங்ஙனம் உள்ளிருந்தே அரிக்கும் என்பதற்கு, அமெரிக்க நாட்டுச் சாரணரிடையே நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் மதிப்புறு கழகம் ஒன்று தக்க சான்றாகும். அதன் பெயர் 'ஆர்டர் ஆப் தி ஏரோ' என்பது. தமிழில் அதனை 'அம்பணிக் கழகம்' என்று சொல்லலாம். வெண்ணிறத் தோள்வாரில் செந்நிற அம்பு பொறித்து அணிவது அதன் உறுப்பினர்க்குரிய அடையாளம்.

அக்கழகம் தோன்றிய ஆண்டு 1915. பிலதெல்பியா நகரச் சாரணர்கள் தெலவேர் ஆற்றின் நடுவே உள்ள 'திரெசர் ஐலண்டு' என்னும் தீவில் கோடைப் பாசறை அமைத்துப் பயின்று வந்தனர். அவ்வாண்டுப் பாசறையின் தலைவர் உர்னர் குட்மன்; அவர்க்கு அகவை 24. அவர்க்குத் துணை நின்றவர் கேரல் எட்சன். அவர்க்கு அகவை 23. சாரண உறுதிமொழியை வாயால் சொல்வோர் பலர். வாழ்வால் சொல்வோர் சிலர். அச்சிலரை அடையாளங் கண்டு, மற்றவர்க்கு வழிகாட்டிகளாக நிறுத்தவேண்டும் என்று அவ்விருவரும் கருதினர். சூலைத் திங்கள் 16-ஆம் நாள் முதற் சேர்ப்பு நடைபெற்றது. சிறு தீவொன்றில் தொடங்கிய முயற்சி பிற பாசறைகளுக்கும் பரவி, 1948-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் முழு உறுப்பாகவே ஆயிற்று.

அக்கழகத்தைத் தாங்கி நின்ற தூண்கள் மூன்று. அவற்றை முதலில் தெளிவாக அறிதல் வேண்டும். அவற்றை அறிந்தால்தான் சரிவு எங்கே நேர்ந்தது என்பது விளங்கும்.

முதல் தூண் தேர்தல். இக்கழகத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர் கழகத்தார் அல்லர். கழகத்தில் சேராத உடன்சாரணர்களே பெரும்பாலும் வாக்களிக்கின்றனர். முதல் வகுப்புத் தகுதி பெற்றிருத்தல், ஈராண்டுக்குள் 15 நாள் பாசறையில் தங்கியிருத்தல், சாரண ஆசிரியரின் இசைவு பெறுதல் ஆகிய இவை வேட்பாளர்க்குரிய வரம்புகள். ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, மழையிலும் சேற்றிலும் உடனிருந்து பார்த்தவனுக்கே தன் தோழனின் உண்மை இயல்பு தெரியும். ஆசிரியரை ஏய்க்கலாம், உடன் உறங்குபவனை ஏய்க்க முடியாது. ஆகவே அவன் கையில் வாக்கைக் கொடுத்தனர்.

இரண்டாம் தூண் நோன்பு. தேர்ந்தெடுக்கப்பட்டவன் அப்பொழுதே உறுப்பினன் ஆகிவிடுவதில்லை. ஓர் இரவு பிறரை விட்டுத் தனித்து உறங்கவேண்டும். மறுநாள் முழுதும் வாய் பேசாதிருக்கவேண்டும். சிற்றுணவு உண்டு பாசறையின் நன்மைக்காக உடல் வருந்தி உழைக்கவேண்டும். முன்னரே உறுப்பினரான ஒருவர் புதியவரோடு சேர்ந்து அதே உழைப்பையும் வாய் பேசாமையையும் மீண்டும் ஏற்கும் வழக்கமும் அங்கு உண்டு. அவரை 'எலாங்கோமாட்' என்பர். அமெரிக்கப் பழங்குடியினராகிய லெனாபே மக்களின் மொழியில் அதற்கு 'நண்பன்' என்பது பொருள். கட்டளையிடுபவன் தலைவன் அல்லன், கூட உழைப்பவனே தலைவன் என்னும் உண்மையை இதனினும் எளிதாகக் கற்பிக்க இயலாது.

மூன்றாம் தூண் இளைஞர் ஆட்சி. இருபத்தோர் அகவை நிரம்பாதவரே வாக்களிப்பர், அவரே பொறுப்பேற்பர். மூத்தோர் அறிவுரை கூறலாம், ஆணையிடுதல் கூடாது.

இம்மூன்றும் உறுதியாக நின்றவரை அம்பு பொறித்த தோள்வாருக்கு மதிப்பு இருந்தது. இன்று அக்கழகத்தின் உள்ளிருந்தே எழும் முறையீடுகளைக் கேட்டால், தூண்கள் நிற்கின்றன, ஆனால் அடியில் கறையான் ஏறிவிட்டது என்பதே தெளிவாகின்றது. கிளைகள் எல்லாம் அப்படி என்று கூறுதல் முறையன்று. நல்ல தலைமை வாய்த்த கிளைகள் இன்றும் சீருடன் இயங்குகின்றன. ஆயினும் குறை பரவலானது. அதற்கு அவர்களே ஒரு கேலிப்பெயரும் இட்டுள்ளனர். தோள்வாரைப் பெற்ற அன்றே கம்பி நீட்டுவோர் என்பது அதன் கருத்து. சேர்ப்பு நாளில் வருகின்றனர். வாரை அணிந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். மறுமுறை பாசறைப் பணிக்குக் கண்ணிலேயே படுவதில்லை. சில திங்கள் கழித்து ஏறவேண்டிய உடன்பிறப்பு நிலை என்னும் இரண்டாம் படிக்கு அவர்கள் திரும்புவதே இல்லை.

இது யாருடைய பிழை? இளைஞர்களைக் குறை கூறுவது எளிது. அது முதியோரின் பழைய பழக்கம். உண்மையை ஆராய்ந்தால், பிழை வாயிலில் நின்றவர்களிடத்தே தொடங்குகின்றது. முன்னாளில் ஒரு படையிலிருந்து இத்தனை பேரையே தேர்ந்தெடுக்கலாம் என்ற வரம்பு இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. வரம்பு இல்லாதவிடத்து இசைவு தரும் ஆசிரியரின் பொறுப்பு முன்னையினும் மிகுதியாதல் வேண்டும். ஆனால் நடப்பது என்ன? எவனையும் வருத்தப்படுத்த விரும்பாத ஆசிரியர் எல்லார் பெயரையும் பட்டியலில் சேர்க்கின்றார். எவனையும் விட்டுவிட விரும்பாத சிறுவர்கள் எல்லார்க்கும் வாக்களிக்கின்றனர். எல்லாரும் வெல்லும் தேர்தல் தேர்தலாகுமா? அங்கே உண்மையில் தகுதியுள்ளவனே ஏமாற்றப்படுகின்றான். அவன் பெற்ற பெருமையின் பொருளையே பறித்துவிட்டு, வெறுந் துணியை அவன் தோளில் இடுகின்றனர்.

நோன்பும் அவ்வாறே தேய்கின்றது. பாசறைக்கு உண்மையில் தேவையான வேலையை முன்கூட்டித் திட்டமிடாதவிடத்து, சிறுவர்கள் கற்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிப் பொழுது கழிக்கின்றனர். சடங்கின் உரைகளை நெஞ்சில் நிறுத்திச் சொல்லவேண்டியவர் தாளைப் பார்த்துத் தட்டுத் தடுமாறிப் படிக்கின்றார். பயனற்ற உழைப்பும் உயிரற்ற சொல்லும் சேர்ந்தவிடத்துப் பதினான்கு அகவைச் சிறுவன் எதைக் கற்பான்? இவையெல்லாம் வெறும் பாவனை என்பதைத்தான் கற்பான். அப்படிக் கற்றவன் மறுமுறை வராமற் போவதில் வியப்பென்ன?

இனி, இரண்டாம் நோய்க்கு வருவோம். அது முதல் நோயினும் கொடிது. ஆனால் எளிதில் தீரக்கூடியது. அதுதான் செய்தித் தொடர்பின் வறுமை.

ஒரு சிறுவன் வேனிற் காலத்தில் தன் படையினரால் தேர்ந்தெடுக்கப்படுகின்றான் என்று கொள்ளுங்கள். நோன்பு எந்நாளில், எவ்விடத்தில், எதைக் கொண்டுவரவேண்டும் என்ற செய்தி கிளைமன்றத்திலிருந்து வரவேண்டும். பட்டியல் ஒருவரிடம், முகவரி இன்னொருவரிடம், அனுப்பவேண்டிய பொறுப்பு மூன்றாமவரிடம். சிறுவன் காத்திருக்கின்றான். பெற்றோர் சாரண ஆசிரியரைக் கேட்கின்றனர், அவர்க்கும் தெரியவில்லை. குறித்த காலத்துக்குள் நோன்பு முடிக்காதவனின் தேர்வு தள்ளப்படும். அவன் மீண்டும் தேர்தலுக்கு நிற்கவேண்டும். தோழர்கள் கொடுத்த பெருமையை ஒரு மடல் வராமை பறித்துவிடுகின்றது. தான் தகுதியற்றவன் என்றே அச்சிறுவன் எண்ணிக்கொள்வான். உண்மையில் தகுதியற்றது எது?

இத்தனைக்கும், செய்தி செல்வதற்கு வழியில்லாமல் இல்லை. ஒவ்வொரு படையிலும் கழகத்தின் சார்பாளனாக ஒரு சாரணன் அமர்த்தப்படலாம். படைக்கும் கழகத்துக்கும் இடையே செய்தி கொண்டு செல்வதே அவன் வேலை. 'கழுகுச் சாரணர்' என்னும் உயர்நிலை எய்துவதற்கு வேண்டிய தலைமைப் பொறுப்புகளுள் ஒன்றாகவும் அது எண்ணப்படும். இங்கேயும் நோய் அதுவே. பொறுப்பின் பெயர் ஏட்டில் ஏறுகின்றது. பதக்கத்துக்குக் கணக்குக் கிடைக்கின்றது. செய்தி மட்டும் செல்வதில்லை. உறுப்பினர் பட்டியலைக் காக்கக் கணிப்பொறியும் இன்று உண்டு. அன்று அஞ்சல் அட்டையால் நடந்தது இன்று கணிப்பொறியால் நடவாமைக்கு ஏது கருவியன்று, கருத்தின்மையே.

இவ்வறுமைக்கு இன்னொரு வேரும் உண்டு. தொடக்கத்தில் இக்கழகம் மறைவுக் கழகமாகவே நடந்தது. சடங்கின் வியப்புக் கெடாதிருக்க அதைப் புதியவரிடம் முன்கூட்டிச் சொல்லாமை வழக்கமாயிற்று. பின்னாளில், பெற்றோரும் சாரணத் தலைவர்களும் கேட்பின் எதனையும் ஒளிக்கலாகாது என்று நெறி வகுத்தனர். நெறி மாறியது, பழக்கம் மாறவில்லை. சடங்கைச் சொல்லாமை என்ற சிறு வழக்கம், நாளையும் இடத்தையும் சொல்லாமை, கேட்ட வினாவுக்கு விடை சொல்லாமை என்று வளர்ந்துவிட்டது. வாய் பேசாமை நோன்பிருக்கும் சிறுவனுக்கு அறம். பொறுப்பில் இருப்பவர்க்கோ அது குற்றம்.

சிறுவரைக் காக்கும் அமைப்பில் பேசாமை எவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதை அமெரிக்கச் சாரணர் இயக்கம் பெருவிலை கொடுத்தே கற்றது. சிறு அகவையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் மேற்பட்டோர் முறையிட்டனர். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இயக்கம் நொடிப்பு நிலை கோரி முறைமன்றத்தை அடைந்தது. 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டத்தோடு 2023-இல் அதிலிருந்து மீண்டது. வராத மடலும் இக்கொடுமையும் ஒன்றல்ல. ஆயினும், பெற்றோர் கேட்டால் உடனே தெளிவாக விடை சொல்லும் பழக்கம் சிறு செய்திகளில் இல்லாதவரிடம், பெரிய செய்திகளில் மட்டும் அது எங்கிருந்து வரும்?

வாயிலை அகலத் திறந்ததற்குச் சொல்லப்படும் விடை, 'ஆள் குறைகின்றது' என்பதே. குறைவது உண்மைதான். அவ்வியக்கத்தின் முதன்மைப் பிரிவுகளில் 2019-இல் ஏறத்தாழ 20 இலக்கமாக இருந்த இளையோர் எண்ணிக்கை 2021-இல் 8 இலக்கத்துக்கும் கீழே சென்றது. மார்மன் திருச்சபையார் 2019 இறுதியில் விலகியதும், பின்வந்த பெருந்தொற்றும், முன் கூறிய வழக்குகளும் அதற்கு ஏதுக்கள். ஆனால் தரத்தைத் தளர்த்தினால் ஆள் சேருமா?

இதற்கு அவர்கள் வரலாற்றிலேயே விடை இருக்கின்றது. 1972-ஆம் ஆண்டில் சாரணர் பயிற்சியைக் காலத்துக்கேற்பத் திருத்துவதாகச் சொல்லி, காட்டையும் பாசறையையும் பின்னே தள்ளினர். பாசறைத் திறனுக்குரிய சின்னம் பெறாமலே 'கழுகுச் சாரணர்' ஆகலாம் என்ற நிலை வந்தது. நகரச் சிறுவர் திரண்டு வருவர் என எதிர்பார்த்தனர். திரண்டு வரவில்லை, இருந்தவரும் குறைந்தனர். அப்பொழுது, ஓய்வு பெற்றிருந்த வில்லியம் கில்கோர்ட்டு என்னும் முதியவர் ஊதியம் பெறாமல் கைந்நூலைப் புதிதாக எழுதித் தர முன்வந்தார். 1979-இல் வெளிவந்த அந்நூலோடு பாசறை மீண்டும் பயிற்சியின் நடுவிடத்துக்கு வந்தது. சிறுவன் எளிதான ஒன்றைத் தேடி வருவதில்லை. தன்னால் இயலுமா என்று ஐயுறும் ஒன்றை இயற்றிக் காட்டவே வருகின்றான். அதை எடுத்துவிட்டால் அவன் ஏன் வரவேண்டும்?

மொழிப் பற்றுடையார் உன்னவேண்டிய செய்தி இன்னொன்று. இக்கழகம் தனக்கு லெனாபே மொழியிலேயே பெயர் சூட்டிக்கொண்டது. மகிழ்வோடு தொண்டு செய்வோரின் உடன்பிறப்புக் கூட்டம் என்பது அதன் பொருள். தெலவேர் ஆற்றங்கரை அம்மக்களின் தாய்மண். அங்கிருந்து அவர்கள் மேற்கே துரத்தப்பட்டனர். இன்று ஓக்லகோமாவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். மண்ணை இழந்த மக்களின் சொல்லைக் கடனாகப் பெற்றவர்க்கு அதன் பொருளைக் காக்கும் கடமை இருமடங்கு உண்டு. தொண்டும் இல்லை, மகிழ்வும் இல்லை, ஒருவர்க்கொருவர் செய்தி சொல்லும் உடன்பிறப்பும் இல்லை என்றால், அப்பெயரை வாயால் சொல்வது அச்சொல்லையும் இழிவுபடுத்தும்; அதனை ஈன்ற மக்களையும் இழிவுபடுத்தும்.

தீர்வுக்குப் பெரும்பொருள் வேண்டா. சாரண ஆசிரியர் 'இவன் இன்னும் ஓராண்டு முதிரட்டும்' என்று அன்போடு சொல்லும் துணிவு பெறவேண்டும். தேர்தல் நாளிலேயே நோன்பு நாளும் இடமும் எழுதிய தாள் ஒவ்வொரு சிறுவன் வீட்டுக்கும் போகவேண்டும். நோன்பின் உழைப்பு பாசறைக்கு உண்மையில் பயன்படுவதாக அமையவேண்டும். சேர்ந்த ஒரு திங்களுக்குள் புதிய உறுப்பினனை ஒரு தோழன் நேரிற் கண்டு, 'அடுத்த பணிக்கு நீ வரவேண்டும். உன்னால் ஆகவேண்டிய வேலை இது' என்று அழைக்கவேண்டும். அழைக்கப்படாதவன் வரவில்லை என்று குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

அவ்வம்பணிக் கழகம் தோன்றிய தீவில் 2004, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வெள்ளம் புகுந்தது. பிற்காலத்தில் அங்கிருந்த பாசறையே மூடப்பட்டது. இடம் போனால் இன்னோர் இடம் தேடிக்கொள்ளலாம். 24 அகவை இளைஞர் ஒருவரும் 23 அகவை இளைஞர் ஒருவரும் அத்தீவில் ஏற்றிவைத்த கருத்து அணைந்தால், அதை எந்த ஆற்றின் கரையிலும் தேடிப் பெற இயலாது. தோள்வாரை நெய்வதற்குத் தறி போதும். அதற்கு மதிப்பை நெய்வது வாயிற்காவலரின் நேர்மையும், அணிந்தவனின் உழைப்பும், மறவாமல் போய்ச் சேரும் ஒரு சொல்லுமே ஆகும்.