கல்லாய்க் கிடக்கும் காடு

திண்டிவனம் என்னும் ஊர்ப் பெயரிலேயே ஒரு வனம் இருக்கிறது. திந்திரிணி என்ற வடசொல் புளியமரத்தைக் குறிக்கும். புளியமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் திந்திரிணி வனம் என வழங்கி, அதுவே பின்னர்த் திண்டிவனம் என மருவிற்று என்று பெயர்க் காரணம் கூறுவர். அவ்வூர்ச் சிவபெருமானுக்கும் திந்திரிணீசுவரர் என்றே பெயர். இன்றோ அவ்வூரை நாம் நெடுஞ்சாலைகள் கூடும் இடமாகவே அறிவோம். காடு காண வேண்டுமென்றால் முதுமலைக்கும் ஆனைமலைக்கும் செல்ல வேண்டும் என்பதே மாணவர் பலரின் எண்ணம். ஆனால் விழுப்புரம் மாவட்டத்திலேயே காணத்தக்க காடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அரிய செல்வமாகும்.

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே திருவக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. சந்திரமௌலீசுவரர் கோயிலாலும் வக்கிரகாளியம்மன் சன்னிதியாலும் புகழ்பெற்றது அவ்வூர். அதன் அருகே செம்மண் மேட்டில் பெரிய அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவர், யாரோ வெட்டிப் போட்ட மரங்கள் என்றே எண்ணுவர். கையால் தொட்டால்தான் அவை கல் என்பது தெரியும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அவை. சுமார் 200 மரங்கள் அங்குள்ளன. சில 15 மீட்டர் வரை நீளமுடையவை. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளராகிய சொன்னரா 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றிக் குறித்துள்ளார். இன்று அவ்விடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக விளங்குகிறது.

மரம் எவ்வாறு கல்லாயிற்று? இக்கல்மரங்களில் கிளைகளும் இலைகளும் காணப்படுவதில்லை. ஆகவே இவை நின்ற இடத்திலேயே சாய்ந்தவை அல்ல. பெருவெள்ளத்தால் அடித்துக் கொண்டுவரப்பட்டு, மணலுள் புதைந்தவை என்று அறிஞர் முடிவு செய்தனர். காற்றுப் புகாத ஆழத்தில் கிடந்தமையால் அவை விரைவில் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளுள் புகுந்து, அணு அணுவாக மரத்தின் இடத்தைத் தான் பற்றிக்கொண்டது. மரம் மறைந்தது, அதன் வடிவம் மட்டும் கல்லில் நின்றது. மரத்தின் வரிகளையும் கணுக்களையும் இன்றும் கண்ணால் காணலாம். இம்மரங்களுள் புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு என்று அறியும்போது, திண்டிவனத்தின் பெயர் நம் நினைவுக்கு வராமல் போகுமா?

இத்தகைய இடத்திற்கு வருவோர்க்கு நாம் என்ன வசதி செய்து தர வேண்டும்? சுற்றுலா வளர்ச்சி என்றவுடன் சிற்றுண்டிச் சாலைகளும், வண்ண விளக்குகளும், சிமெண்டு யானைகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. குடிநீரும் நிழலும் கழிப்பிடமும் வேண்டியவையே. ஆயினும் கல்மரத்தின் முன் நிற்பவனுக்கு அதன் கதையைச் சொல்ல ஓர் ஆள் இல்லையென்றால், அவன் கல்லைக் கண்டு திரும்புவானே தவிரக் காட்டைக் கண்டு திரும்ப மாட்டான். கதை அறியாதவன் நினைவுப் பொருளாக ஒரு துண்டைப் பெயர்த்து எடுக்கவும் தயங்க மாட்டான். உயிருள்ள மரத்தை வெட்டினால் மீண்டும் ஒன்றை நடலாம். கல்மரத்தை உடைத்தால் நட விதை ஏது?

வழிகாட்டியே முதல் வசதி என்றால், அடுத்தது காலமறிந்து செல்லுதல். மரக்காணத்தை அடுத்த கழுவெளி நீர்நிலை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. பறவை வரும் பருவத்தில் சென்று, கரையில் ஓசையின்றி நின்று பார்ப்பதே அங்கு இன்பம். மூன்றாவது வசதி, வரம்பு. புதுப்பட்டு அய்யனார் கோயிற்காட்டைப் பாருங்கள். கடற்கரைச் சமவெளிக்கே உரிய பசுமை மாறாக் காடுகளில் எஞ்சிய சிலவற்றுள் அது ஒன்று. வேலியும் காவலும் அல்ல, தெய்வத்தின் காடு என்ற மக்களின் நம்பிக்கையே அதனை இதுவரை காத்து வந்துள்ளது.

வரம்பும் வழிகாட்டியும் வெறும் ஒழுங்குக்காக மட்டும் வேண்டுவன அல்ல. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்டு, மலையேறச் சென்றவர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர். கோடையில் காய்ந்த புல்லும் வீசும் காற்றும் எவ்வளவு கொடியவை என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. 2024-இல் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளை வகுத்து, முன்பதிவையும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளையும் ஏற்படுத்தியது. மலைவாழ் மக்களின் காட்டறிவு அதனால் ஒரு தொழிலாயிற்று. அப்பதினான்கு மாவட்டங்களுள் விழுப்புரம் இடம் பெறவில்லை.

ஆனால் செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இனி உலகின் பல பகுதிகளிலிருந்தும் அங்கு மக்கள் வருவர். செஞ்சியின் பாறைக் குன்றுகள், திருவக்கரையின் கல்மரங்கள், புதுப்பட்டின் கோயிற்காடு, கழுவெளியின் பறவைகள் ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் இணைக்கலாம். அவ்வவ்வூர் இளைஞர்க்குத் தாவரங்களையும் பறவைகளையும் பாறைகளையும் பற்றிப் பயிற்சி அளித்து, அவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரையறை செய்யலாம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வூருக்கே சேர வேண்டும். காட்டினால் பிழைப்பவன் காட்டை அழிக்க விடமாட்டான்.

மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் திருவக்கரைக்குச் செல்லுங்கள். குறிப்பேடு ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். கல்லில் ஓடும் மரவரிகளை வரைந்துகொள்ளுங்கள். சிறு துண்டும் எடுக்க வேண்டா. 2 கோடி ஆண்டுகளாக மண் காத்துவைத்த அச்செல்வம், உங்களுக்குப் பின் வருவோர்க்கும் அவ்வாறே இருக்கட்டும்.