மலைக் கானும் சதுப்புப் பள்ளமும்

(தோட்ட மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



  கீழ் லயத்துக்கு அடியில் இருக்கிற சேற்றுப் பள்ளத்தை என்ன செய்வது என்பதுதான் இன்றைய விஷயம். மண் போட்டு நிரப்பி லீக்ஸ், கோவா போடலாம் என்று ஒரு பகுதியினர் கேட்கிறார்கள். பள்ளத்தை அப்படியே விட்டு, அதற்கு மேலே கான் வந்து விழுகிற இடத்தில் தண்ணீர் தேங்க ஒரு குழி வெட்டுவோம் என்று நலன்புரிக் குழு சொல்லுகிறது. முடிவு உங்களுடையது. ஆனால் இதே வேலையை மிகப் பெரிய அளவில் செய்கிறவர்களின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்.

அமெரிக்காவில் புளோரிடா என்று ஒரு மாநிலம். அங்கே ஒக்கிச்சோபி என்ற பெரிய ஏரிக்குத் தெற்கே எவர்கிளேட்ஸ் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் ஆறாக ஓடாமல், கோரைப் புல்லுக்கு நடுவே மெல்லிசாகப் பரவி, ஆடி அசைந்து கடலுக்குப் போகும். 1947-ல் அங்கே பெருவெள்ளம் வந்தது. அடுத்த வருஷமே அரசாங்கம் பெரிய கால்வாய்களும் அணைக்கட்டுகளும் கட்ட உத்தரவு போட்டது. சதுப்பில் ஏறக்குறைய பாதி காணாமற் போனது. ஏரிக்குத் தெற்கே சுமார் ஏழு இலட்சம் ஏக்கர் விவசாய நிலமாகி, பெரும்பகுதியில் கரும்பு வந்தது.

அந்தக் கரும்பை வெட்டியது யார் தெரியுமா? ஜமேக்கா போன்ற தீவுகளிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட ஆட்கள். 1943-லிருந்து வந்தார்கள். 1990-களில் இயந்திரம் வந்ததும் அவர்களுடைய வேலை போய்விட்டது. நம்ம பாட்டன் பூட்டன் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா? அதை இன்னொரு நாள் பேசலாம்.

தண்ணீரை வடித்த நிலத்தில் மண்ணும் தங்கவில்லை. 1924-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்பது அடிக் கொங்கிறீட் தூணைத் தரை மட்டத்துக்கு இறக்கினார்கள். இன்றைக்கு அதில் ஆறு அடிக்கு மேல் வெளியே நிற்கிறது. காய்ந்த சதுப்பு மண் காற்றுப்பட்டு உக்கிக் கரைந்துவிட்டது. பள்ளத்தை வடித்துத் தோட்டம் போடக் கேட்கிறவர்கள் அந்தத் தூணைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

அடுத்தது உரம். வயலில் போட்ட பொசுபரசு மழையோடு கால்வாயில் இறங்கி சதுப்புக்குப் போனது. அங்கத்தைய புல் வறுமையில் வளர்ந்த புல். ஆயிரம் லீற்றர் தண்ணீரில் 10 மில்லிகிராம் பொசுபரசு இருந்தாலே அதற்குப் போதும். அது ஒரு சிட்டிகை உப்பிலும் எவ்வளவோ குறைவு. வயல் தண்ணீரில் அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் வந்தது. கோரை அழிந்து சம்புப் புல் காடாக மண்டியது. 1988-ல் வழக்குப் போட்டார்கள். 1994-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

அவர்கள் கண்ட வழிதான் நமக்கு வேண்டியது. வயலுக்கும் சதுப்புக்கும் நடுவில் ஆழமில்லாத பாத்திகளை அணை போட்டுக் கட்டினார்கள். தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும். முதல் பாத்தியில் அதே சம்புப் புல். எதிரியையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்! அடுத்த பாத்தியில் தண்ணீருக்குள் வளரும் பாசி வகைகள். செடி பொசுபரசை உறிஞ்சும், செத்து அடியில் படியும், மண்ணோடு மண்ணாகப் புதையும். 1994-ல் சுமார் 3,800 ஏக்கரில் தொடங்கியது, இன்று ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் வந்துவிட்டது.

ஆனால் பாத்தி மட்டும் இருந்தால் போதாது. அடைமழையில் எல்லாத் தண்ணீரும் ஒரே மூச்சில் வந்தால் செடி பிடுங்கிக்கொண்டு போகும். கோடையில் பாத்தி காய்ந்தால், புதைந்த பொசுபரசு அடுத்த மழையில் திரும்பக் கரைந்து வெளியே வரும். ஆகவே மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஒரு தேக்கம் வேண்டும். அங்கே 10,500 ஏக்கரில், 23 அடி ஆழத்துக்கு ஒரு நீர்த்தேக்கம் கட்ட 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதோடு சேர்ந்த 6,500 ஏக்கர் சுத்திகரிப்புப் பாத்தி 2024-ல் முடிந்தது. விவசாயிகளுக்கும் ஒரு கட்டளை: பொசுபரசு வெளியேறுவதை 25 வீதம் குறைக்க வேண்டும். உரத்தை அளந்து, வேர் இருக்கிற இடத்தில் வைத்து, கான் சேற்றை அள்ளி, அதற்கு மேலேயே குறைத்துக் காட்டினார்கள். எங்களுக்குப் பிடித்த இடம் இதுதான். குளம் வெட்டுகிறவன் மட்டுமல்ல, உரம் போடுகிறவனும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

நம்ம நாட்டில் இல்லாத வியாதியா இது? கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991-ல் நீலப்பச்சைப் பாசி பூத்தது. அதற்குத் தண்ணீர் வருவது தேயிலை மலையிலும் மரக்கறித் தோட்டத்திலும் இருந்துதான். நம்ம பள்ளம் சின்னது. ஆனாலும் மலையிலிருந்து இறங்குகிற சேறு இன்றைக்கு அதில்தான் தங்குகிறது. அதை நிரப்பினால் சேறு நேரே ஓடைக்குப் போகும். ஓடைக்குக் கீழே இருப்பதும் நம்ம ஆட்களின் லயம்தான்.

நுளம்பு பெருகும் என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. டெங்கு நுளம்பு பெரும்பாலும் டயர், சிரட்டை, மூடாத பீப்பாய் என்று வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். இருந்தாலும் குழியில் மீன் விடுவோம், ஓரத்தைச் செதுக்கி வைப்போம். பிள்ளைகள் இறங்காமல் இருக்க வேலி கட்டாயம். இன்னொன்று, குழியில் தெளிந்த தண்ணீர் குடிக்கிற தண்ணீர் அல்ல. பீலித் தண்ணீரையே கொதிக்க வைத்துத்தான் குடிக்கச் சொல்லுகிறோம்.

மரக்கறி போட இடம் இல்லையே என்ற குறையும் சும்மா இல்லை. சம்பளம் பத்தாத வீட்டுக்கு நாலு பாத்தி லீக்ஸ் பெரிய காரியம். பழைய பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் உள்ள தரிசைக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை பள்ளத்தில் யாரும் மண் கொட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

குழிக்குப் பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், மூன்று அடி ஆழம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கான் வெட்டிப் பழகிய பெரியவர்கள் வந்து பார்த்து, சரிவு சரியா என்று சொல்ல வேண்டும். அது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை சேறு அள்ள வேண்டும். அந்தச் சேற்றை மரக்கறிப் பாத்திக்கே போடலாம். அள்ளுகிற பொறுப்பை எந்த லயம் ஏற்பது என்பதையும் இன்றைக்கே பேசி எழுதிவிடுவோம். சம்மதம் என்றால் வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிரமதானம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள், தேத்தண்ணி நாங்கள் தருகிறோம்.

வேண்டும் என்பவர்கள் இப்போது கையை உயர்த்துங்கள், எண்ணிக்கொள்கிறோம்.